இலாபம் போகும், சம்பளம் தங்கும்

வெளிநாட்டு முதலீடு என்றதும் நாம் தொழிற்சாலைகளை எண்ணுகிறோம். நான் சம்பளத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. கிராமத்து யுவதிகள் பல்லாயிரம் பேருக்குத் தொழில் கிடைத்தது உண்மை. ஆனால் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப, மேலதிக நேர வேலையையே நம்ப வேண்டியிருந்தது. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து இவர்கள் வீதிக்கு இறங்கினர். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். அதன் பிறகே சட்டமூலம் கைவிடப்பட்டது.

இலாபம் முதலீட்டாளரின் நாட்டுக்குப் போகலாம். சம்பளம்தான் அரிசிக்கும் துணிக்கும் நம் கடைகளுக்கு வருகிறது. அது குறைந்தால் நம் வியாபாரமும் படுத்துவிடும். ஆகவே வரிச்சலுகை கொடுக்கும் அரசு, நியாயமான கூலியையும் நிபந்தனையாக்க வேண்டும்.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நம் கடைப் பையன்களின் சம்பளத்தையும் ஒருமுறை பார்ப்போம்.