மின்சாரம் நமக்கு, உலை அயலார்க்கு

கூடங்குளம் அணுமின் நிலையம் திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. கேரளத்திற்கு ஒளியூட்டும் இடுக்கி அணை இந்நகரிலிருந்து அதைவிடத் தொலைவு. சென்னையிலுள்ள தமிழக அரசின் தலைமைச் செயலகமோ அந்த உலைகளுக்கு அறுநூறு கிலோமீட்டர் அப்பால் இருக்கிறது. ஆயினும் அணுமின் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது தமிழ்நாட்டுக் காரியம், எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் நடக்கும் வழக்கு என்னும் பாவனை கேரளத் தலைநகரில் நீடிக்கிறது.

பாவனை என்று சொல்லக் காரணம் உண்டு. கூடங்குளத்தின் முதலிரு உலைகளில் கேரளத்திற்கு ஒதுக்கப்பட்ட பங்கு 266 மெகாவாட். கல்பாக்கத்திலிருந்தும் கர்நாடகத்தின் கைகாவிலிருந்தும்கூடக் கேரளம் பங்கு பெறுகிறது. கூடங்குளத்து மின்சாரத்தைக் கொண்டுவரவே திருநெல்வேலியிலிருந்து இடமண் வழியாகக் கொச்சிக்கு 400 கிலோவோல்ட் பாதை திட்டமிடப்பட்டது. இடமண் முதல் கொச்சி வரையிலான 148 கிலோமீட்டர், நிலம் இழப்போரின் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. இழப்பீட்டை உயர்த்தி இசைவு பெற்ற மாநில அரசு, 2019 நவம்பரில் அதனைப் பெருமிதத்தோடு திறந்து வைத்தது. அணுமின் வேண்டுமா வேண்டாமா என்று கேரள அரசு ஒருநாளும் வெளிப்படையாகக் கொள்கை அறிவித்ததில்லை. அந்தக் கம்பிப் பாதையே அதன் கொள்கை அறிவிப்பு.

தன் மண்ணில் உலை வேண்டாம் என்பதிலோ கேரளம் உறுதியாக இருந்து வந்துள்ளது. எர்ணாகுளம் மாவட்டத்துப் பூதத்தான்கெட்டில் எழுந்த திட்டம் கைவிடப்பட்டது. பின்னர்க் கண்ணூர் மாவட்டத்துப் பெரிங்கோமில் எழுந்ததும் 1990களின் தொடக்கத்தில் மக்கள் எதிர்ப்பால் விலகிற்று. அந்நாளில் எதிர்ப்பவர்களை அறிவியல் அறியாதோர் என்று ஒதுக்கிவிட இயலவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய எம்.பி. பரமேஸ்வரன் போன்றோர் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் மேடைகளிலிருந்து அணுமின்னை மறுத்துப் பேசினார்கள். அமைதிப் பள்ளத்தாக்கைக் காத்த தலைமுறை அது. அதன் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. அந்த மறுப்பின் பலனை அனுபவித்தவர்கள், அயலூரில் எரியும் உலையின் மின்சாரத்தை வாங்கும்போது அதே கேள்வியைக் கேட்க மறந்தார்கள் என்பதே நம் குறை. 1987இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தன் அணு உலைகளை மூடிய இத்தாலி, அதன்பின் அணுமின் மிகுந்த பிரான்சிலிருந்து மின்சாரம் வாங்கிப் பழகியது. அந்தப் பாதையில் கேரளம் வாக்கெடுப்பின்றியே நடந்தது.

ஒருவர் மட்டும் எல்லை கடக்க முயன்றார். 2012 செப்டம்பரில், மறைந்த முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் போராட்டக்காரர்களைக் காணக் கூடங்குளம் நோக்கிப் புறப்பட்டபோது களியக்காவிளையில் தமிழகக் காவல்துறை அவரைத் தடுத்துத் திருப்பியது. அவரது கட்சியின் தேசியத் தலைமை முதலிரு உலைகளை இயக்கலாம் என்ற நிலையில் இருந்தது. முதியவரின் பிடிவாதம் என்று அதனை அன்று பலர் நகைத்தனர். திருவனந்தபுரத்திற்கும் கூடங்குளத்திற்கும் உள்ள தொலைவை அறிந்து பேசிய அரசியல் தலைவர் அவர் ஒருவரே என்பது நம் கருத்து.

இன்று கேள்வி மீண்டும் வாயிலில் நிற்கிறது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்த மத்திய மின்துறை அமைச்சர் மனோகர்லால், 150 ஏக்கர் நிலம் தந்தால் கேரளத்தில் அணுமின் நிலையம் அமைக்கலாம் என்றார். காசர்கோடு மாவட்டத்துச் சீமேனியின் பெயர் அடிபட்டது. அதற்கு முன்பே மாநில மின்வாரியம் அணுமின் கழகத்தோடு பேசியிருந்தது. கொள்கை முடிவு ஏதும் எடுக்கவில்லை என்றார் அன்றைய மின்துறை அமைச்சர் கே. கிருஷ்ணன்குட்டி. கேரளத் தோரியத்தைக் கொண்டு மாநிலத்திற்கு வெளியே உலை அமைத்துப் பங்கு தரலாமே என்ற யோசனையும் அரசுத் தரப்பிலிருந்தே வந்தது. மணல் நம்முடையது, மின்சாரம் நம்முடையது, உலையும் கழிவும் அயலாருடையவை என்பதன்றி இதற்கு வேறு பொருள் காண இயலவில்லை.

தோரியக் கனவு இந்நகருக்குப் புதிதன்று. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அக்காலத்துக் காஸ் விளக்கின் மேண்டிலுக்கு அதிலிருந்து எடுக்கும் தோரியம் தேவைப்பட்டது. அன்று திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளத் தொடங்கினார்கள். அணுகுண்டு வெடித்தபின் அம்மணலின் மதிப்பே மாறிற்று. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்த திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் கணக்கில் மோனசைட்டுக்கு முதன்மையான இடம் இருந்தது. பிரிட்டனோடு அதன் விற்பனை குறித்துப் பேச்சும் நடந்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்து இசைக் கலாசாலை விழாவில் திவான் வெட்டுப்பட்டார். அம்மாத இறுதிக்குள் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்தார். தனிநாடு முடிந்தது. மணலை வைத்துப் பேரம் பேசும் பழக்கம் மட்டும் முடியவில்லை.

அந்த மணலில் உண்மையில் என்ன இருக்கிறது? தோரியம் தானே எரியாது. நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாறிய பின்னரே எரிபொருளாகும். ஹோமி பாபா 1954இல் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் தோரியத்திற்குரியது மூன்றாம் கட்டம். இரண்டாம் கட்டத்திற்கான 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்குக் கல்பாக்கத்தில் 2004இல் பணி தொடங்கியது. உலையின் கருவத்தை நிரப்பும் பணியே 2024 மார்ச்சில்தான் தொடங்கிற்று. யுரேனியம்-233 கொண்டு இயங்கும் ‘காமினி’ அங்கேயே 1996 முதல் இருக்கிறது. அதன் ஆற்றல் 30 கிலோவாட். அது மின்சாரம் தருவதற்கன்று, ஆய்வுக்கு உரியது. மோனசைட் கேரளத்தில் மட்டும் கிடைப்பதுமன்று. தமிழகம், ஆந்திரம், ஒடிசா கரைகளிலும் அது பெருமளவில் உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தும், தோரியம் என்றதும் நாளையே வீட்டு விளக்கு எரியும் என்று மேடையில் பேசுகிறவர் மக்களை ஏமாற்றுகிறார்.

மணலைப் பற்றி இன்னோர் உண்மை இந்நகரிலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளது. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை செல்லும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்குள்ள 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 2005 இறுதிக்குள் அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் பதிவாயிற்று. கதிர்வீச்சு மிகுதியால் புற்றுநோய் மிகுந்தது என்பதற்குச் சான்று கிட்டவில்லை என 2009இல் அந்த ஆய்வு வெளியானது. அணுமின் எதிர்ப்பாளர் இந்த ஆய்வின் பக்கம் திரும்புவதில்லை. ஆதரவாளரோ உலை விபத்துக்கும் இதையே விடையாகக் காட்டுகிறார். காலம் முழுதும் சிறுகச் சிறுகப் பெறும் கதிர்வீச்சைப் பற்றிய ஆய்வு, செர்னோபிலுக்கும் ஃபுகுஷிமாவுக்கும் விடையாகாது. இரு சாராரும் தமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டால் மக்கள் யாரை நம்புவார்கள்?

நம்பிக்கை எங்ஙனம் பிறக்கிறது என்பதற்கும் இந்நகரிலேயே சான்றுண்டு. 1960களின் தொடக்கத்தில் தும்பா கடற்கரையில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க விக்ரம் சாராபாய் நாடிய இடத்தில் மீனவர் குடிகளும் புனித மகதலேனா மரியாள் ஆலயமும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா, ஞாயிறு வழிபாட்டில் சபையாரிடமே கேட்டார். அவர்கள் இசைந்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்த மீனவர் அனைவருக்கும் நிறைவான நியாயம் கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்டார்கள் என்பதைச் சொல்கிறோம்.

கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மீனவரும் அதே கடலின், அதே மதத்தின் மக்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். சுற்றுச்சூழல் பொதுவிசாரணை விதி அதன் பிறகு வந்ததால் முதலிரு உலைகளுக்கு அத்தகைய விசாரணையே நடக்கவில்லை. 2011இல் சோதனை ஓட்டத்தின் பேரொலி கேட்டு ஊர் நடுங்கியது. ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் கண்டு சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. லூர்து மாதா ஆலய முற்றத்தில் உண்ணாநோன்பு தொடங்கியது. அரசு ஆயிரக்கணக்கானோர் மீது தேச விரோத வழக்குப் பதிந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் மீனவர் ஒருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். தலத் தேர்வு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையமே ஆணையிட வேண்டி வந்தது. உச்சநீதிமன்றம் 2013 மே மாதம் உலையை இயக்க இசைந்தபோது, தீர்ப்போடு பதினைந்து நெறிமுறைகளையும் சேர்த்தே தந்தது. பொறியியல் எத்துணைச் சிறந்ததாயினும், இத்தனைக்கும் பின் எழும் அவநம்பிக்கைக்கு மக்களைக் குறை கூறுவது அறமாகாது.

சீமேனிக்கும் ஒரு நினைவு உண்டு. காசர்கோட்டின் அரசு முந்திரித் தோட்டங்களில் கால் நூற்றாண்டுக் காலம் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அஞ்ச வேண்டியதில்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அங்குப் பிறந்த குழந்தைகளின் நிலையை நாடு அறியும். உச்சநீதிமன்றம் 2011இல் அந்த நஞ்சைத் தடை செய்தது. 2017இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அந்த மாவட்டத்தில் போய், பாதுகாப்பானது என்ற சொல்லை மீண்டும் உச்சரிக்கும் அரசு, அச்சொல்லுக்கு முன்பு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிந்து உச்சரிக்க வேண்டும்.

இனி மறுப்போரிடமும் ஒரு கேள்வி. 2024 மே மாதக் கோடையில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. புழுக்கம் தாளாமல் வீடுதோறும் ஏசி ஓட, மின்மாற்றிகள் பழுதாயின. இரவில் பிரிவு அலுவலகங்களின் வாசலில் மக்கள் திரண்டார்கள். மின்தேவையின் பெரும்பகுதியை மாநிலம் வெளியிலிருந்தே வாங்குகிறது. 465 மெகாவாட்டுக்கான நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்கள் 2023இல் நடைமுறைக் குறைகளால் ஒழுங்குமுறை ஆணையத்தால் நீக்கப்பட்டபோது ஏற்பட்ட தடுமாற்றம் இன்னும் மறக்கத்தக்கதன்று. அணுவும் வேண்டாம், அதிரப்பிள்ளி நீர்மின் திட்டமும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம் என்பவர், இரவு பத்து மணிக்கு விசிறி எதனால் சுழலும் என்று எண்ணோடு சொல்லக் கடமைப்பட்டவர்.

அந்த எண் அணுமின்னுக்குச் சாதகமாக வரும் என்றும் நாம் கருதவில்லை. அணு உலை இரவும் பகலும் ஒரே சீராக இயங்குவது. கேரளத்தின் குறையோ மாலை ஆறு முதல் நள்ளிரவு வரையிலானது. கூரைச் சூரிய மின்சாரம் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட மாநிலத்தில் நண்பகலில் மின்சாரம் மிகுகிறது. அதனைச் சேமித்து மாலைக்குத் தருவதே உடனடித் தேவை. சீமேனி அமைந்த அதே மாவட்டத்தின் மைலாட்டியில் 125 மெகாவாட் மின்கலச் சேமிப்பு நிலையத்திற்கு ஒப்பந்தமாகியுள்ளது. காலமும் அணுவின் பக்கம் இல்லை. கூடங்குளம் முதல் உலைக்கு 2002இல் அடித்தளம் இடப்பட்டது. வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31 அன்றே தொடங்கியது. 13,171 கோடி ரூபாயாக இருந்த முதலிரு உலைகளின் மதிப்பீடு 22,462 கோடியாக உயர்ந்தது. சீமேனியில் இன்றே நிலம் அளந்தாலும், அதன் மின்சாரம் வரும் நாளில் மாலை நேரப் பற்றாக்குறை வேறு வழியில் தீர்ந்திருக்கும், அல்லது கேரளம் இருளுக்குப் பழகியிருக்கும்.

நடுவண் அரசு 2047க்குள் 100 கிகாவாட் அணுமின் என்னும் இலக்கோடு விரைகிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய ‘சாந்தி’ சட்டம், 1962இன் அணுசக்திச் சட்டத்தையும் 2010இன் இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டத்தையும் அகற்றித் தனியாருக்கு வழி திறந்தது. குறையுள்ள கருவியை வழங்கிய நிறுவனத்திடம் இழப்பீட்டை மீட்க முந்தைய சட்டம் தந்த உரிமை புதியதில் இல்லை. போபாலைக் கண்ட நாடு இதனை இவ்வளவு விரைவில், இவ்வளவு குறைந்த விவாதத்தோடு ஏற்றது வருந்தத்தக்கது.

கேரள அரசு செய்ய வேண்டியவை சில. சீமேனி குறித்த கடிதங்கள், நில விவரம், கழிவை எங்கே வைப்பது என்ற விடை ஆகிய அனைத்தையும் சட்டப்பேரவையில் வைத்து விவாதிக்க வேண்டும். வாக்கெடுப்புக்குப் பின்னரே நில அளவைக் கோல் அங்கே ஊன்றப்பட வேண்டும். கூடங்குளத்தின் அவசரநிலைத் திட்டம் 16 கிலோமீட்டர் வட்டத்தோடு முடிகிறது. ஃபுகுஷிமாவிலோ சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இடாதே ஊரையும் காலி செய்ய நேர்ந்தது. மின்சாரத்தில் பங்கு கேட்கும் கேரளம், பாதுகாப்பு ஒத்திகையிலும் கழிவு பற்றிய முடிவிலும் தமிழகத்தோடு பங்கு கேட்கட்டும். அவ்விரண்டிலும் பங்கேற்க விருப்பமில்லையெனில் 266 மெகாவாட்டைத் திருப்பித் தரும் துணிவு வேண்டும்.

மின்வாரியத்தின் கொள்முதல் திட்டங்கள் வெள்ளயம்பலத்திலுள்ள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் பொதுவிசாரணைக்கு வருகின்றன. அங்கே எவரும் பேசலாம், எழுதியும் தரலாம். அரங்கில் பெரும்பாலும் வாரிய அதிகாரிகளும் தொழில் நிறுவனங்களின் வழக்குரைஞர்களுமே அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த விசாரணைக்கு அணுமின் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் தத்தம் கணக்கோடு வந்து அமருமாறு கேட்டுக்கொள்கிறோம்.