பதினாறு கோடியும் பகிரப்படாத கேள்வியும்

கைப்பேசித் திரையில் ஒரு குழந்தையின் முகம் தோன்றுகிறது. அருகே கண் கலங்கிய தாய். கீழே ஒரு தொகை: 16 கோடி ரூபாய். அதற்கும் கீழே, இன்னும் எத்தனை நாள் அவகாசம் என்ற கணக்கு. 2021 முதல் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இந்திய மக்களுக்குப் பழகிப்போன காட்சி இது. இதற்கு முன்னர் எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோயை மருத்துவ உலகுக்கு வெளியே அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஒரு மரபணுவின் குறைபாட்டால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிகின்றன. கடும் வகை நோய் தாக்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் சிகிச்சையின்றி இரண்டு வயதைக் கடப்பதில்லை. இவ்வுண்மையைச் சாதாரண மனிதரின் அறிவுக்குக் கொண்டுவந்தவர்கள் பெற்றோரும் அவர்களுக்குத் துணைநின்ற தொண்டு அமைப்புகளும்தாம்.

அவர்களின் சாதனையைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்காக ஒரு வாரத்திற்குள் 18 கோடி ரூபாய் திரண்டது. கூலித் தொழிலாளியும் வளைகுடாவில் உழைப்பவரும் கொடுத்த சிறு தொகைகள் சேர்ந்த பணம் அது. பரப்புரையின் அழுத்தம் அரசையும் அசைத்தது. சொந்தப் பயன்பாட்டிற்கு இறக்குமதியாகும் ஜோல்ஜென்ஸ்மா மருந்துக்கு 2021 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் விலக்களித்தது. அரிய நோய் மருந்துகளின் தனிப்பட்ட இறக்குமதிக்கு 2023 ஏப்ரல் முதல் சுங்கவரி நீக்கப்பட்டது.

எனினும், இப்பரப்புரைகள் எதை நோக்கி மக்களை விழிக்கச் செய்கின்றன என்பது ஆராயத்தக்கது. நோயின் பெயர் தெரிகிறது. குழந்தையின் துயரம் தெரிகிறது. பணம் செலுத்தும் வழி தெரிகிறது. ஒரு மருந்தின் விலை ஏன் 16 கோடி என்பது மட்டும் தெரிவதில்லை. புயலைப் போல, பூகம்பத்தைப் போல, அத்தொகை யாருடைய கையிலும் இல்லாத இயற்கை நிகழ்வாகக் காட்டப்படுகிறது.

அது இயற்கை நிகழ்வன்று. ஜோல்ஜென்ஸ்மாவுக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் ஒரு பகுதி பிரான்சின் ஜெனத்தோன் ஆய்வகத்தில் நடந்தது. ஆண்டுதோறும் தொலைக்காட்சி வழியே பிரெஞ்சு மக்களிடம் திரட்டப்படும் நன்கொடையில் இயங்கும் ஆய்வகம் அது. மற்றொரு பகுதி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது. ஆய்வின் பலன் அவெக்ஸிஸ் என்ற நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அந்நிறுவனத்தை 2018இல் நோவார்ட்டிஸ் 870 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்ததும் 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர் என விலை குறிக்கப்பட்டது. மருந்தைக் கண்டறிய ஒருமுறை நன்கொடை கொடுத்த மக்களே அதை வாங்கவும் நன்கொடை திரட்டுகிறார்கள். இடையில் குவிந்த இலாபத்தைப் பற்றி எந்தப் பதிவும் பேசுவதில்லை.

இம்முறையில் யார் பிழைப்பார் என்பதைத் தீர்மானிப்பது நோயின் கடுமை அன்று. படம் எத்தனை பேரைச் சென்றடைகிறது, குடும்பத்திற்கு ஆங்கிலம் தெரியுமா, நடிகர் ஒருவர் பகிர்ந்தாரா, விளம்பரத்திற்குச் செலவிட நிதிதிரட்டும் தளம் முன்வந்ததா என்பவையே தீர்மானிக்கின்றன. எந்த முகத்தை எத்தனை திரைகளில் காட்டுவது என்று பெருநிறுவனங்களின் கணக்கீட்டு நிரல் முடிவு செய்கிறது. பஸ்தர் காட்டுக் கிராமத்தில் பிறந்த பழங்குடிக் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனையே எட்டாக்கனி. நோயின் பெயர்கூடத் தெரியாமல் மடியும் அக்குழந்தைக்காக எந்தப் பதிவும் வெளியாவதில்லை. வெற்றி பெற்ற பரப்புரைகள் மட்டுமே நினைவில் நிற்பதால், முயன்றால் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்ற மாயை வளர்கிறது.

அரசுக்கு இந்த மாயை வசதியாக இருக்கிறது. 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, செலவு மிகுந்த சிகிச்சைகளுக்கு முழு நிதியளிப்பது கடினம் எனக் கைவிரித்தது. மாற்றாக, மக்களிடம் நன்கொடை திரட்ட அரசே ஓர் இணையதளம் தொடங்கியது. குடிமக்களைக் காக்கக் கடமைப்பட்ட அரசு, அவர்களுக்காக உண்டியல் ஏந்தும் அறக்கட்டளையாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. 2022இல் நோயாளி ஒருவருக்கான உதவி 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 16 கோடிக்கு முன்னால் அது எம்மாத்திரம்? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025க்குள் மக்கள் நல்வாழ்வுக்குச் செலவிடுவோம் என்று 2017இல் வாக்களித்த அரசு, 2021-22இல் செலவிட்டது 1.84 விழுக்காடு. அதே ஆண்டில் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்தில் செலுத்தினர்.

"குழந்தை சாகக் கிடக்கும்போது கொள்கை பேசலாமா?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. கொடுக்காதே என்று எவரும் சொல்லவில்லை. கொடுப்பதோடு கேட்கவும் வேண்டும் என்பதே இங்குள்ள வாதம். கேட்டதன் பலன் கண்முன்னே இருக்கிறது. இதே நோய்க்கான ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்தை ரோஷ் நிறுவனம் ஒரு புட்டி சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. அதன் ஆய்விலும் அமெரிக்க அறக்கட்டளை ஒன்றின் பணம் உண்டு. இந்தியாவின் நாட்கோ அதே மருந்தைத் தயாரிக்க முன்வந்தபோது ரோஷ் தடை கோரியது. தில்லி உயர்நீதிமன்றம் மறுத்தது. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய். எத்தனை ஆயிரம் பகிர்வுகளாலும் சாதிக்க முடியாத விலைக்குறைப்பைக் காப்புரிமைக்கு எதிரான ஒரு வழக்கு சாதித்தது.

இதற்கு வரலாறும் உண்டு. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் தொடுத்த போராட்டம், பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவுக்கு வலுவூட்டியது. அப்பிரிவைக் கொண்டே 2013 ஏப்ரல் 1 அன்று, புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையை உச்சநீதிமன்றம் நிராகரித்தது. 2012இல் மற்றொரு புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டதும், மாதத்திற்கு 2.8 லட்சம் ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாயாகச் சரிந்தது. அதன் பின்னர் கட்டாய உரிமம் எதுவும் வழங்கப்படவில்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு, அரிய நோய்களுக்கெனத் தனித் திட்டம் வகுத்து, எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனை வழியே மருந்தளித்தது.

மரபணு மருந்துகளை மாத்திரையைப் போல எளிதில் படியெடுக்க முடியாது என்பது உண்மை. ஆகவேதான் காப்புரிமைத் தளர்வோடு பொதுத்துறை ஆய்வும் உற்பத்தியும் தேவைப்படுகின்றன. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய புற்றுநோய் உயிரணுச் சிகிச்சை 2023இல் ஒப்புதல் பெற்றது. வெளிநாடுகளில் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே அதன் விலை. அதுவும் ஏழைக்கு எட்டும் விலையில் இல்லை. ஆயினும் இங்கே செய்ய இயலும் என்பதற்கு அது சான்று.

ஈகை கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தது. உரிமை எந்த மனநிலைக்கும் காத்திருப்பதில்லை. தொண்டு அமைப்புகள் தம் பதிவுகளில் குழந்தையின் படத்திற்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இடையே மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். இம்மருந்தைக் கண்டறிந்தது யார் பணம்? இவ்விலையை நிர்ணயித்தது யார்? கட்டாய உரிமம் வழங்க அரசு தயங்குவது ஏன்? அவ்வரிகள் இல்லாத பதிவு தம் கைக்கு வரும்போது அவற்றைச் சேர்த்துப் பகிர்வது கட்சித் தோழர்களின் பணி.