கதை சொல்பவன் யார்?
பாத்திரம், களம், நோக்குநிலை என்னுஞ் சொற்களின் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்வித்தலே இலக்கியங் கற்பித்தலென எண்ணுவோர் நம்மிடையே பலர். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் வெளியிட்ட 'மடொல் தூவ' என்னுஞ் சிங்களச் சிறுவர் நாவலை நோக்குவோம். இரு சிறுவர் ஆளில்லாத் தீவொன்றிற் குடியேறும் கதை அது. சொல்பவன் உபாலி, உடன் செல்பவன் அவன் வீட்டு வேலைக்காரச் சிறுவன் ஜின்னா. "இக்கதையை ஜின்னா சொல்லியிருந்தால்?" என்று ஆசிரியர் வகுப்பிற் கேட்கட்டும். மாணவன் நூலை மீண்டும் புரட்டுவான். எசமானின் மகன் கண்ணிற் படாதவை எவையெனத் தேடுவான். நோக்குநிலை யாதென்பது அப்போது தானே விளங்கும். கதை சொல்ல இடம் பெறாதவன் பக்கத்தையும் எண்ணிப் பார்க்கும் அப்பழக்கம், பரீட்சை முடிந்த பின்னும் அவனுக்குத் துணைநிற்கும்.