மஹல்லாவைப் பார்க்காத கண்கள்

ஒரு கட்டுரையில் படித்தேன்: சிங்கப்பூர் யூதர்கள் என்றால் நாலைந்து பணக்காரக் குடும்பங்கள்தானாம். போர் முடிந்ததும் பணத்தை இறைத்து வாழ்க்கையை மீட்டுக்கொண்டார்களாம். முன்னாள் முதலமைச்சர் டேவிட் மார்ஷல்கூடச் சீனாவுக்குப் போய்த் தன் இனத்துக்காக மட்டுமே பேசினாராம். ஒரு சமூகம் பட்ட பாட்டை இவ்வளவு அலட்சியமாகத் தள்ளிவிடக் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது?

யூத வணிகர் மனாசே மேயரின் செல்வத்தைப் பார்த்தவருக்கு மஹல்லா தெரியவில்லை. மிடில் ரோடு, சிலிகி, வில்கி, சோபியா சாலைப் பக்கம் நெருக்கியடித்து வாழ்ந்த பாக்தாத் யூதர்கள் தங்கள் குடியிருப்பை அப்படித்தான் அழைத்தார்கள். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். 1924இல் எழுந்த எலிசன் கட்டடத்தின் முகப்பில் தாவீதின் நட்சத்திரம் இன்றும் இருக்கிறது. அந்த நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் தெருவியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் அடுத்தவர் தர்மத்தை நம்பியிருந்தவர்களும் வாழ்ந்தார்கள். இவர்களில் யாரைப் பணக்காரர் என்கிறார்?

போரில் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர் ஏழை, பணக்காரர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. 1943இல் ஆண்களைச் சாங்கிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1945இல் பெண்களும் பிள்ளைகளும் சைம் ரோடு முகாமில் அடைக்கப்பட்டார்கள். தொண்டர் படையில் இருந்த மார்ஷல் போர்க்கைதியாக ஹொக்கைடோவில் உழைத்தார். சயாம் ரயில் பாதையில் நம்மவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்த காலம் அது. அந்த வலியை அறிந்த நாம் இந்த வலியை ஏளனமாகப் பேசலாமா?

1946இல் யூத நல வாரியம் உருவானது. கைதியாக இருந்து திரும்பிய மார்ஷலே அதன் முதல் தலைவர். பணத்தால் எல்லாம் மீண்டுவிட்டது என்றால் நல வாரியம் எதற்கு? ஆயிரத்துக்கு மேல் இருந்தவர்கள் இருபது ஆண்டுகளில் சில நூறு பேராகக் குறைந்தது எப்படி?

சீனப் பயணத்தைப் பற்றி எழுதியிருப்பதுதான் மிகவும் மோசம். ஹிட்லரிடமிருந்து தப்பி ஷாங்காய்க்கு வந்தவர்கள் மட்டுமே ஏறக்குறைய 20,000 பேர். போருக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். 1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அந்த அகதிகளைத் தவிர, வெளியேற அனுமதி கிடைக்காமல் சில நூறு ரஷ்ய யூதர்களும் அங்கே சிக்கிக்கொண்டார்கள். 1956இல், முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த மார்ஷல், சீனப் பிரதமர் சூ என்லாயிடம் நேரிலேயே அவர்களுக்காகப் பேசினார். அதன்பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. கேட்பாரற்றவர்களுக்காக வாய் திறந்தது குற்றமா?

தன் இனத்துக்காக மட்டுமே பேசினார் என்பது அப்பட்டமான பொய். இன்று தொகுதிதோறும் நடக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தவர் அவர். அவருடைய அரசு அமைத்த அனைத்துக் கட்சிக் குழுதான் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழ்வழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று 1956இல் பரிந்துரைத்தது. அந்த மனிதரைத் தமிழ் வாசகர்களிடமே சிறுமைப்படுத்தியிருக்கிறார் கட்டுரையாளர். எழுதியதை அவர் திரும்பப் பெற வேண்டும்.