அருவிக்கு எத்தனை படி?

ஆனி மாதம் பிறந்து, தென்காசிக் கோபுர வாசலில் நிற்கிறவனின் வேட்டியை மேற்குக் காற்று பறிக்கத் தொடங்கியதும் எனக்கு ஊரில் இருப்புக் கொள்ளாது. குற்றாலத்துக்குப் பெட்டியைக் கட்டிவிடுவேன். முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். அந்த முப்பது வருஷத்தில் நான் ஒரு தரம்கூட எண்ணிப் பார்க்காத ஒன்றைப் போன வருஷம் என் நண்பர் எண்ணிச் சொன்னார். அருவிக்கு எத்தனை படி என்பதை.

நண்பர் தென்காசிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கரும்பலகையின் கீழ்ப்பாதியில் கணக்குப் போட்டு, ஊரில் பாதிப் பேரைத் தேற வைத்தவர். அவர் வீட்டிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான். ஆனாலும் அறுபத்திரண்டு வயது வரை அவர் தலையில் அருவித் தண்ணீர் விழுந்ததில்லை.

“நான் இருக்கிறேன், வாருங்கள்” என்று வீறாப்பாக அழைத்துப் போனேன். எந்த அருவி என்று சொல்லப் போவதில்லை. படிக்கு முன்னால் நாற்காலி நின்றது. நல்ல பிள்ளைகள் நாலு பேர் ஓடி வந்தார்கள். “கவலைப்படாதிய அண்ணாச்சி, தூக்கிருவோம்!” என்று நாற்காலியோடு தூக்கினார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. ஓர் அம்மாள் “ஐயோ பாவம்” என்றாள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். அருவியின் ஓரத்தில் இறக்கினார்கள். நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, “போதும்” என்றார்.

திரும்புகிற வழியில் கேட்டேன்: “ஏன் அதற்குள் போதும் என்றீர்கள்?”

“அந்தப் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கிட்டு நிக்குதுங்களே, சார்! பதினொரு படி. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.”

குளிக்கிறவன் தனக்காகப் ‘போதும்’ என்று சொல்வது ஒன்று. தூக்குகிறவனுக்காகச் சொல்வது வேறொன்று. இந்த வித்தியாசம் எனக்கு விளங்க முப்பது வருஷம் ஆகியிருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இதைச் சொன்னால் சிலர் உடனே ஆட்சேபம் கிளப்புகிறார்கள். “அருவி இயற்கை அல்லவா? பாறையைப் போய் என்ன செய்ய முடியும்?” என்கிறார்கள். வாசகர்களே, அருவிக்கரையில் உங்கள் காலடியைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் நிற்பது சிமெண்டுத் தரையில். பிடித்திருப்பது இரும்புக் கம்பியை. உடை மாற்ற அறை, இரவுக்கு விளக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம், ஊதலோடு போலீஸ்காரர் — இவற்றில் எது இயற்கை? கால் உள்ளவன் வழுக்கி விழாமலிருக்கக் கம்பி போட்டோமே, அதற்குச் சலுகை என்றா பெயர் வைத்தோம்? அதே அருவிக்கு ஒரு சாய்தளம் கேட்டால் மட்டும் ‘இயற்கை’ வந்து குறுக்கே நிற்கிறது!

இன்னொரு ஆட்சேபம்: “துணைக்கு வீட்டார் இருக்கிறார்களே!” என் நண்பரைத் தினந்தோறும் குளிப்பாட்டுகிறவர் அவர் மனைவி. ஆண்கள் பக்கம் அந்த அம்மாள் வர முடியாது. பெண்கள் பக்கம் இவர் போக முடியாது. துணை இருந்தும் இல்லாதவர் ஆகிறார்.

மூன்றாவது, “ஆபத்தான இடம்” என்பது. ஆபத்து எல்லாருக்கும் உண்டு. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனின் உயிரைக் கொண்டு போயிற்று. வெள்ளம் வந்தால் சக்கர நாற்காலி சீக்கிரம் வெளியேறுகிற பாதையில் பாட்டியும் வெளியேறலாம், பிள்ளையை இடுப்பில் வைத்த தாயும் வெளியேறலாம்.

பனி மலையில் சறுக்குவதை விடவா அருவியில் குளிப்பது ஆபத்து? இரண்டாம் உலகப் போரில் காலை இழந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் ஊன்றுகோலின் அடியில் சிறு சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினார்கள். 1976-இல் ஸ்வீடனில் ஊனமுற்றோருக்கான முதல் குளிர்கால ஒலிம்பிக் போட்டியே நடந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள் ஒற்றைச் சறுக்குக் கட்டையின் மேல் பொருத்திய இருக்கையில் அமர்ந்து, மலை உச்சியிலிருந்து பறந்து வருகிறார்கள். 2014-இல் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் பந்தயத்தையும் சேர்த்தாயிற்று. அங்கே மலைக்கு ஏற்றபடி நாற்காலியை மாற்றினார்கள். இங்கே நாம் பதினொரு படியை மாற்ற யோசிக்கிறோம்.

அந்நிய நாட்டுக் கதை வேண்டாமென்றால் நம் சென்னைக்கு வாருங்கள். 2022 நவம்பரில் மெரினா மணலில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் அலையைக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, மறுபடி செப்பனிட்டார்கள். மணலில் முடிந்தது பாறையில் முடியாதா?

சொல்லித் தர ஆளில்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் இருக்கிறது அமர் சேவா சங்கம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே போய்க் கேட்டால் எந்த இடத்தில் எப்படிச் சாய்தளம் போடுவது என்று சொல்லிக் கொடுக்க மாட்டார்களா?

சட்டமும் இல்லாமல் இல்லை. 2016-ஆம் வருஷச் சட்டத்தில் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் தனித்தனிப் பிரிவுகளே உண்டு. அணுகல் விதிகளை வெறும் சிபாரிசாக வைத்திருப்பது செல்லாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ‘ஊனமுற்றோர்’ என்ற பெயரை ‘மாற்றுத் திறனாளி’ என்று மாற்றியும் ஆயிற்று. பெயர் மாறியது, படி அப்படியே இருக்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் பாதை வெட்டச் சொல்லவில்லை. காடு காடாகவே இருக்கட்டும். சாலையோரத்து அருவிகளில், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில், வழுக்காத சாய்தளம் ஒன்று. நனைந்தாலும் துருப்பிடிக்காத சக்கர நாற்காலிகள் நாலைந்து. தண்ணீர் மெல்ல விழுகிற ஓரத்தில், உட்கார்ந்தவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பி. துணையாக வருகிறவர் ஆணோ பெண்ணோ, கூடவே நிற்க அனுமதி. நாற்காலி நுழைகிற அகலத்தில் உடை மாற்றும் அறைக்கு ஒரு கதவு. இவ்வளவுதான்.

மருந்தும் உத்தியோகமும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். சந்தோஷத்தை மட்டும் கால் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறோம்.

அடுத்த ஆனியில் காற்று கிளம்பும்போது என் நண்பரை மறுபடி கூப்பிடத்தான் போகிறேன். அவரும் வர மறுக்கத்தான் போகிறார். படிகள் போகிற வருஷம், நான் கூப்பிடாமலே அவர் அங்கே இருப்பார். தமக்குப் போதும் என்று தோன்றுகிற வரை குளிப்பார். நான் வேண்டுமானால் கரையில் நடுங்கிக்கொண்டு காத்திருக்கிறேன்.