பசுமைக்குடிலுக்குத் தனி மின்பெட்டி வேண்டும்

நம் சங்கத்துக்கு வரும் கடன் விண்ணப்பங்களுள் பசுமைக்குடில் அமைப்பதற்கானவை பெருகி வருகின்றன. ஓசூரிலும் உதகையிலும் பெருங்குடில்களில் ரோஜாவும் கார்னேஷனும் விளைவதைக் கண்டு வந்தவர்கள், தம் வீட்டுப் புறக்கடையில் இருபது அடிக்குப் பத்தடி அளவிலேனும் ஒரு குடில் எழுப்பி, காய்கறி நாற்று வளர்த்து விற்கலாமென்று எண்ணுகின்றனர். தறி ஓய்ந்திருக்கும் வேளையில் நாற்றுத் தட்டுகளைக் கவனிப்பது நெசவாளர் குடும்பங்களுக்கும் ஏற்ற தொழிலே. இம்முயற்சியை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் விண்ணப்பங்களுடன் வரும் மதிப்பீடுகளைப் படிக்கும்போது ஒரு கலக்கம் தோன்றுகிறது. இரும்புக் குழாய்க்கு ஒரு தொகை, பாலித்தீன் விரிப்புக்கு ஒரு தொகை, நிழல்வலைக்கு, பம்புக்கு, விசிறிக்கு என வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் “ஒயரிங் முதலியன” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

என் வீட்டுக் குடிலிலும் முதலில் இதே கதைதான். சமையலறைப் பிளக்கிலிருந்து ஓர் ஒயரை எடுத்து, செம்பருத்திக் கிளைமேல் சார்த்தி, குடிலின் இரும்புக் குழாயில் கட்டிக்கொடுத்தார் வேலைக்கு வந்தவர். “ஒரு பம்புக்கும் ஒரு விசிறிக்கும் இதற்கு மேல் எதற்கு ஐயா?” என்றார். நானும் செலவு குறைந்ததென்று மகிழ்ந்தேன். இரண்டு மழைக்காலம் குறையின்றிக் கழிந்தன. மூன்றாம் ஆண்டில், குழாயைத் தொட்டால் ‘சுள்’ளென்கிறது என்று என் மனைவி சொன்னாள். கை மரத்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் ரப்பர்ச் செருப்பு அணிந்திருந்தாள். மறுநாள் நான் வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று அதே குழாயைப் பற்றினேன். தூக்கி எறியப்பட்டு நாற்றுத் தட்டுகளின்மேல் விழுந்ததுதான் தெரியும். பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்தால், குடிலின் எல்லாக் குழாய்களிலும் விளக்கு எரிந்தது. காற்றில் உரசி உரசி ஒயரின் மேலுறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டிருந்தது. அத்தனைக்கும் வீட்டு மெயினில் இருந்த எம்.சி.பி. விழவே இல்லை.

ஏன் விழவில்லை? இதை நம்மவருள் பலர் அறிந்திலர். எம்.சி.பி. என்பது ஒயரைக் காப்பதற்கு ஏற்பட்டது; ஆளைக் காப்பதற்கு அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவேண்டுமானால் அதற்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாயவேண்டும். மனிதனுக்கோ ஓர் ஆம்பியர் வேண்டியதில்லை. நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லியாம்பியர், அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவு. இதயத்தை நிறுத்த அதில் ஒரு பங்கே போதும்.

“எர்த் போட்டிருக்கிறேனே” என்று சிலர் சொல்வார்கள். எர்த் அவசியமே, குடிலின் இரும்புச் சட்டம் முழுவதும் அதனோடு இணைந்திருக்கவும் வேண்டும். ஆனால் எர்த் மட்டும் போதாது. புறக்கடையில் அடித்த எர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். கசிவு அந்த அளவில் மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. பார்த்துக்கொண்டே இருக்கும், குழாயில் மின்சாரம் நிற்கும். இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்பு. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லியாம்பியர் வேறுபட்டாலும் அது கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். என் குடிலில் அது இருந்திருந்தால், இரும்பைச் செம்பு தொட்ட அன்றே, எர்த் வழியே ஓடும் கசிவைக் கண்டு விழுந்திருக்கும்.

ஆகவே குடிலுக்கென்று துணை மின்பெட்டி ஒன்று வேண்டும் என்பது என் துணிபு. ஒயர்மேன்கள் டி.பி. பெட்டி என்பது இதைத்தான். வீட்டு மெயின் போர்டில் குடிலுக்கென்று இரு துருவ எம்.சி.பி. ஒன்று, அங்கிருந்து கவசமிட்ட கேபிள், முக்கால் மீட்டர் ஆழத்தில், மணற்படுக்கையில் கிடந்து, மேலே செங்கல் மூடி, குடில்வரை செல்லவேண்டும். குடிலின் வாயிலுக்கு வெளியே, பனித்தூவியின் நீர் படாத உயரத்தில், நீர் புகாப் பெட்டி. அதற்குள் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, பம்புக்கும் விசிறிக்கும் விளக்குக்கும் தனித்தனி எம்.சி.பி.கள். இத்தனையும் அலமாரி மூலையில் அடங்கும் பொருள்களே. பெட்டியைக் குடிலுக்குள்ளேயே வைப்பவரும் உண்டு. உள்ளிருக்கும் ஈரமும் உர ஆவியும் செம்பைச் சில மாதங்களிலேயே பச்சை பூக்கச் செய்யும்.

துணைப்பெட்டியில் நேரும் ஒரு பிழையையும் சொல்லவேண்டும். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறதென்று நியூட்ரலையும் எர்த்தையும் அங்கே ஒன்றாக முடிந்துவிடுவதும், விளக்கின் நியூட்ரலை வீட்டுப் பெட்டியிலிருந்து இரவல் வாங்குவதும் கூடாது. காப்பு கணக்கிடுவதே போகும், வரும் மின்னோட்டங்களின் சமன்பாட்டை. அதைக் குழப்பினால் அது காரணமின்றி விழும், அல்லது விழவேண்டிய நேரத்தில் விழாது. அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். விழுவதை நிறுத்த வழி தேடுவதை விட்டுக் கசிவைத் தேடவேண்டும்.

ஒயரின் கனத்திலும் சிக்கனம் பார்க்கிறோம். குடில் வீட்டிலிருந்து 40 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் போக வர ஏறத்தாழ ஒரு ஓம் தடை. ஒரு குதிரைத்திறன் பம்பு ஓடும்போது ஆறு, ஏழு ஆம்பியர்தான் எடுக்கும். தொடங்கும் நொடியிலோ முப்பது ஆம்பியரைத் தாண்டும். அப்போது வழியிலேயே 30 வோல்ட் போய்விடும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டின் இருமடிக்கேற்பக் குறைவதால், நான்கில் ஒரு பங்கு விசை அங்கேயே ஒழிந்தது. பம்பு முனகி, சூடேறி, ஒரு கோடையில் சுருள் எரியும். அதே தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கேபிளானால் இழப்பு பன்னிரண்டு வோல்ட் அளவே. மோட்டாருக்குப் புதிதாகச் சுருள் கட்டக் கொடுக்கும் கூலியைக் கேபிளுக்கே கொடுத்திருக்கலாமே என்று பின்னர் வருந்துபவர் நம்முள் எத்தனை பேர்!

இனிச் சங்கத்தின் பொறுப்புக்கு வருகிறேன். கடன் கொடுக்கும்போது பாலித்தீன் விரிப்பின் கனத்தை மைக்ரான் கணக்கில் கேட்கிறோம்; பம்பின் ரசீதைக் கேட்கிறோம். கேபிளையும் துணைப்பெட்டியையும் எர்த்தையும் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இவை மூன்றும் மதிப்பீட்டில் தனித்தனி இனமாக எழுதப்பட்டாலன்றிப் பசுமைக்குடில் கடனை அனுமதிக்கக் கூடாது. உரிமம் பெற்ற ஒயர்மேன் சோதித்துக் கையெழுத்திட்ட பின்னரே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வீட்டு இணைப்பின் அனுமதிச் சுமை கூடுதல் பளுவைத் தாங்குமா என்பதையும் பிரிவு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிவது நலம்.

“ஏற்கெனவே காகிதம் அதிகம், இன்னொரு சான்றிதழா?” என்று அன்பர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமலில்லை. கையெழுத்துக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு குடிலை எட்டியும் பாராதவர்கள் உண்டு. அதனால்தான், எர்த் தடையை அளக்கும் கருவி ஒன்றைச் சங்கமே வாங்கி வைக்கவேண்டும் என்கிறேன். ஒரு வீட்டுக்காரர் தனியே அதை வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. உறுப்பினர் வீடுகளுக்கு முறை வைத்து எடுத்துச் சென்று, கோடையில் மண் காய்ந்திருக்கும் காலத்தில் அளந்து, ஏட்டில் பதியலாம். நூலையும் உரத்தையும் ஒன்றாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தையன்று. தறிக்கூடத்தில் தார் சுற்றும் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

குடில் ஏற்கெனவே வைத்திருப்போர் கடன் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், மாதந்தோறும் அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள். அப்படியொரு காப்பே இல்லையென்றால், ஒயர்மேன் வரும்வரை பம்புக்குச் செல்லும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பூவாளியால் நீர் விடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் மேற்சொன்ன கடன் விதியைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய விரும்பும் உறுப்பினர்கள் முன்னதாகவே சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.