ஃபேஸ் வாஷ் போத்தலின் பின்பக்கம்

சிங்கப்பூரின் சையத் ஆல்வி சாலை முஸ்தபா கடையில் ஒரு வரிசை முழுக்க நடந்து பாருங்கள். ரெட்டினால், கொலாஜன், பெப்டைடு, வைட்டமின் சி என்று ஃபேஸ் வாஷ் போத்தல்கள் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் கூவுகின்றன. அவற்றில் ஒன்றை வாங்கிக்கொண்டு வரும் வாடிக்கையாளர், கேம்பல் லேனிலோ டன்லப் ஸ்திரீட்டிலோ த்ரெடிங்குக்கு உட்கார்ந்தபடியே அழகுக்கலைஞர்களான நம்மிடம் கேட்கிறார்: “அக்கா, இது போட்டா சுருக்கம் போயிடுமா?” போத்தலைத் திருப்பிப் பார்க்காமல் நம்மில் பலர் பதில் சொல்லிவிடுகிறோம். திருப்பிப் பார்ப்பவர்களும் ரெட்டினால் இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். முகம் கழுவும் பொருளில் அது கடைசியாகத் தேட வேண்டியது என்பதே இந்த உரையின் கட்சி.

பின்பக்கச் சேர்மானப் பட்டியலை நம்பி வாசிக்கலாம். அதற்குச் சட்டத்தின் துணை உண்டு. ஆசியான் நாடுகள் 2003-ல் கையெழுத்திட்ட அழகுசாதன ஒப்பந்தத்தைச் சிங்கப்பூர் 2008 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. அதன்படி விற்பனைக்கு முன் நிறுவனம் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்மானங்கள் அனைத்தையும் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். தெரிவித்தாயிற்று என்றால் ஆணையம் சோதித்து ஒப்புதல் தந்துவிட்டது என்று பொருளல்ல. சில விற்பனைப் பிரதிநிதிகள் அப்படித்தான் பேசுகிறார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இறங்கு வரிசைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. 1 சதவீதத்துக்குக் குறைவான பொருள்களை, மற்றவற்றுக்குப் பின்னால், எந்த ஒழுங்கிலும் எழுதலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று நிறுவனம் சொல்வதில்லை. ஆனால் ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தி சொல்லிவிடும். அதன் உச்சவரம்பு 1 சதவீதம். ஆகவே பட்டியலில் அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டியிருக்க முடியாது. முன்பக்கத்தில் கூவிய பெயர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த இடத்துக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். அதற்காக உடனே மோசடி என்றும் சொல்லிவிடக் கூடாது. ரெட்டினாலும் பெப்டைடுகளும் சிறு அளவிலேயே வேலை செய்பவை. நியாசினமைடு அப்படியல்ல. அதன் பேர் சொல்லும் ஆய்வுகளில் பயன்பட்டது 2 முதல் 5 சதவீதம். அது ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பின்னால் இருந்தால், அந்த ஆய்வுகளுக்கும் அந்தப் போத்தலுக்கும் உறவில்லை.

அளவை விடப் பெரிய சிக்கல் நேரம். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் கூட்டாளிகளும் 1986-ல் வெளியிட்ட, வெயிலில் மூப்படைந்த தோலுக்கு டிரெட்டினோயின் என்ற ரெட்டினாய்டு மருந்து பலன் தருகிறது என்ற ஆய்விலிருந்துதான் இந்த ரெட்டினாய்டு மோகம் கிளம்பியது. அங்கே பூசியது மருந்து, பூசிவிட்டு அப்படியே விட்டார்கள், மாதக்கணக்கில் தொடர்ந்தார்கள். ஃபேஸ் வாஷ் தோலில் இருப்பது அரை நிமிடம், ஒரு நிமிடம். கழுவினால் எதுவுமே தங்காது என்று சொல்லவில்லை: பொடுகு ஷாம்பூவின் துத்தநாகப் பைரித்தியோன் அலசிய பிறகும் தலையில் தங்கி வேலை செய்கிறது. ஆனால் அது தங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கலவை. கொலாஜனைப் பற்றி, கழுவிய பிறகு தங்குமா என்ற ஐயமும் தேவையில்லை. தோலுக்குள் நுழைய மூலக்கூறின் எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது நாம் படித்த விதி. கொலாஜனோ சுமார் 3 லட்சம் டால்டன்.

இனி பட்டியலின் தலைப்பகுதிக்கு வருவோம். நீருக்கு அடுத்து நிற்கும் நாலைந்து பெயர்கள்தான் அந்தப் போத்தலின் குணம். அழுக்கையும் எண்ணெயையும் எடுப்பவை அவை. தோலின் சொந்தக் கொழுப்பை எவ்வளவு விட்டுவைப்பது என்று தீர்மானிப்பவையும் அவைதாம். சோடியம் லாரில் சல்ஃபேட்டைத் தோல் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கும் பொருளாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒன்றே அதைப் பற்றிப் போதும். லாரெத் சல்ஃபேட் அதை விடச் சாது. சோடியம் கோக்கோயில் ஐசெதியோனேட் இன்னும் சாது.

நாம் அதிகம் கோட்டைவிடுவது வேறொன்றில். மிரிஸ்டிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம், லாரிக் அமிலம், கூடவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று பட்டியல் தொடங்கினால், கையில் இருப்பது சோப்பு. க்ரீம் போல இருக்கும், நுரை பஞ்சுபோல எழும்பும், போத்தலில் சோப்பு என்ற பெயரே இராது. ஆனால் அதன் பிஎச் வழக்கமாக 9-க்கு மேல். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டியது. கழுவிய பின் “விரல் தேய்த்தால் கிறீச்சிடுகிறது, சுத்தமாகிவிட்டது” என்று வாடிக்கையாளர் மகிழ்வதும் இதனால்தான். அந்தக் கிறீச்சொலி தடுப்புப் படலம் கரைந்த சத்தம். அந்த ஃபேஸ் வாஷில் எந்தப் பெப்டைடு இருந்து என்ன?

சாதுவானது ஒவ்வாமை தராது என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாமைப் பொருளை முன்னிறுத்துகிறது. 2004-ல் அது கோக்கமிடோபுரோப்பில் பீட்டெய்ன்; 2013-ல் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி; 2017-ல், “இயற்கை” போத்தல்களின் செல்லப்பிள்ளையான ஆல்கைல் குளூக்கோசைடுகள்.

நம் நாற்காலிகளில் உட்காரும் மாநிறத் தோலுக்கு இதெல்லாம் ஏன் கூடுதல் முக்கியம்? வெளிர்தோலில் எரிச்சல் சிவந்து அடங்கிவிடும். நம் தோலில் அது கருமையாகத் தங்கி மாதங்களை எடுத்துக்கொள்ளும். மூப்பும் நம்மிடம் சுருக்கமாக வருமுன் திட்டுத்திட்டான நிறமாற்றமாகத்தான் தலைகாட்டுகிறது. அதைக் குறைக்கவென்று வாங்கிய கிளைக்கோலிக் அமில ஃபேஸ் வாஷே புதுக் கருமையைத் தந்துவிடக்கூடும், அதிலும் மேலுதட்டில் நூல் ஓடிய அன்றே அதைத் தேய்த்தால். த்ரெடிங்குக்கும் ஃபேஷியலுக்கும் முன் “வீட்டில் எதால் கழுவுகிறீர்கள், இரவில் என்ன பூசுகிறீர்கள்?” என்று கேட்பதை நாம் வழக்கமாக்க வேண்டும். பின்வரும் இரண்டு மூன்று நாள்களுக்கு அமிலமும் ரெட்டினாலும் இல்லாத எளிய க்ளென்சர் போதும்.

மூப்பைத் தள்ளிப்போடுவதுதான் நோக்கம் என்றால், அந்தப் பணத்தைச் சன்ஸ்கிரீனுக்குத் திருப்பிவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களுக்கு நாலரை ஆண்டுகளில் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புற ஊதாக் குறியீடு நண்பகலை ஒட்டி 11-ஐ எட்டுவது இங்கு அதிசயமல்ல. எந்த ஃபேஸ் வாஷும் அதற்கு ஈடு கொடுக்காது.

நலங்கு மாவு, பயத்தமாவு பற்றியும் கேட்கிறார்கள். நைசாக அரைத்து, அழுத்தாமல் தேய்த்தால் நமக்கு ஆட்சேபம் இல்லை. அதையே டப்பாவில் அடைத்துப் பார்லரில் விற்றால் அதுவும் அழகுசாதனப் பொருள்தான். ஆணையத்துக்குத் தெரிவிப்பது முதல் பட்டியல் ஒட்டுவது வரை எல்லாம் பொருந்தும். விளம்பரத்துக்கும் விதி உண்டு: வயதாவதால் உடலில் நேரும் மாற்றங்களைத் தடுக்கும், மாற்றியமைக்கும் என்று விளம்பரம் செய்வதை ஆசியான் வழிகாட்டி அழகுசாதனப் பொருள்களுக்கு அனுமதிப்பதில்லை. கண்ணாடிக் கதவுகளில் நாம் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளில் சில அந்த வரம்பைத் தாண்டி நிற்கின்றன, கழற்றிவிடுவது நல்லது.

பட்டியலே இல்லாமல் பெட்டியில் வந்திறங்கும் சரக்கை மட்டும் கையால் தொடாதீர்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் மூன்றும் முகப்பூச்சு அழகுசாதனங்களில் தடை செய்யப்பட்டவை. பட்டியலை மறைக்கும் சரக்கில் அவை இருக்கக்கூடும். யாருக்காவது முகம் வீங்கியோ எரிந்தோ வந்தால், போத்தலைத் தூக்கி எறிய விடாதீர்கள். தொகுப்பு எண்ணும் சேர்மானப் பட்டியலும் தெரியும்படி படம் எடுத்து, மருத்துவரிடம் போகும்போது போத்தலையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். மண்டலே சாலைத் தேசியத் தோல் நிலையத்தில் ஒட்டுச் சோதனை செய்ய நேர்ந்தால், எதை ஒட்டிப் பார்ப்பது என்று அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குவார்கள்.